சிறுவர் கையால் வாத்தியம்

நம் ஆலயத்தில் மாலைத் தீபாராதனையின்போது ஒலிக்கும் முரசும் மணியும் மின்சாரத்தால் இயங்குபவை என்பதை அன்பர்கள் அறிவீர்கள். மணியடிக்க ஆள் கிடைக்காத நாளில் வந்த நன்கொடை அது, குறை கூறுவதற்கில்லை. ஆனால், ஞாயிறு சமய வகுப்பில் சிறுவன் ஒருவன், "ஐயா, நாதஸ்வரத்துக்கு சுவிட்ச் எங்கே இருக்கு?" என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மறுவாரமே காலி டின்களும் போத்தல்களும் கொண்டுவரச் சொன்னேன். பெற்றோர் வீட்டிலும் செய்து பார்க்கலாம் என்பதால் செய்முறையை எழுதுகிறேன்.

மிகச் சிறியவர்களுக்குக் கிலுகிலுப்பை போதும். சிறு போத்தலில் கால் பங்கு பச்சைப்பயறு போடுங்கள். நிறைத்துவிட்டால் பயறு உருள இடமின்றி ஓசை மங்கும். மூடியைப் பசைநாடாவால் இறுகச் சுற்றுவது அவசியம். முதல் வாரம் நான் அதை மறந்தேன். ஒரு குழந்தை பயற்றை மூக்கில் திணித்துக்கொள்ள, கிளினிக்குக்கு ஓட வேண்டியதாயிற்று. நாற்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தும் இப்படி!

மைலோ டின்னின் விளிம்பில் நாடா ஒட்டி, கழுத்து நறுக்கிய பலூனை அதன் வாயில் இழுத்து மாட்டி, ரப்பர் வளையமிட்டால் முரசு தயார். இழுப்பு கூடினால் சுருதி ஏறும். தவிலில் வாரை இறுக்குவதும் இதற்காகத்தான். பலூன் துண்டுகளை உடனே குப்பையில் போட்டுவிடுங்கள். குழந்தைகள் வாயில் போட்டால் மூச்சடைக்கும்.

குழல்தான் சற்றுக் கடினம். ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே ஏற்றது. மெல்லிய பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலின் ஒரு முனையைத் தட்டையாக அழுத்தி, இருபுறமும் சாய்வாக நறுக்குங்கள். அந்த முனையை உதடுகளால் மென்மையாகக் கவ்வி ஊதினால் இரு நாக்குகளும் அதிர்ந்து ஓசை எழும். நாதஸ்வரத்தின் சீவாளி வேலை செய்வதும் இவ்வாறே. மறுமுனையைச் சிறிது சிறிதாக நறுக்கிக்கொண்டே வந்தால் சுருதி ஏறுவதைக் கேட்கலாம். காகிதக் குழல் எச்சிலில் நனைந்து துவண்டுவிடும். தோட்டத்து லயத்தில் வளர்ந்த எங்களுக்குத் தென்னையோலைப் பீப்பி இருந்தது. காசும் கேட்கவில்லை, நனைந்தும் கெடவில்லை.

சுவிட்ச் எங்கே என்று கேட்ட சிறுவனுக்கு இரண்டு வாரம் வெறும் காற்றே வந்தது. கன்னம் சிவக்க ஊதினான். மூன்றாம் வாரம் வாத்துக் கத்துவதுபோல் ஓர் ஒலி. திருவிழாவன்று அதை எடுத்துக்கொண்டு நாதஸ்வர வித்துவானிடமே போய் நின்றுவிட்டான். அவர் சிரிக்கவில்லை. தம் வாத்தியத்தில் தொங்கிய மாற்றுச் சீவாளிகளைக் காட்டி, ஒன்றை நாவில் நனைத்து ஊதிக் காட்டினார்.

கடந்த நவராத்திரியில் ஒரு மாலை, குருக்களின் அனுமதியுடன் மின்முரசை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை 'தகதிமி' என நான்கு எண்ணி வாசிக்கவிட்டோம். தாளம் ஒன்றுபோல் விழவில்லை. ஆயினும் தீபாராதனை முடியும்வரை சுவிட்சைப் போடும்படி எவரும் கேட்கவில்லை.

அடுத்த வகுப்புக்கு இன்னும் டின்கள் வேண்டும். கழுவிக் காயவைத்த காலி டின்களை ஆலய அலுவலகத்தில் கொடுக்கலாம்.