மழை மாசத்தில் சும்மா இருப்பது யார்?

(9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



பனி மூடிக் கிடக்கும் நாடுகளில் ஆறு மாசம் ஜனங்க எப்படித்தான் பொழுது போக்குவாங்க, போரடிக்காதா என்று வகுப்பில் ஒரு பேச்சு வந்தது. “நமக்குக் குளிர்காலமே கிடையாது, வெயில் காலமும் மழைக் காலமும்தான்” என்று பலர் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தமிழில் ஒரு வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்திருப்பதைப் படித்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. கூதிர் என்றாலே குளிர். அப்படியானால் பன்னிரண்டு மாசத்தில் ஆறு மாசம் குளிர்க் கணக்கில் போய்விட்டதே! தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் தை மாச விடியற்காலையில் கூட நம் ஊரில் 20 டிகிரி பக்கம்தான் இருக்கும். இமயமலைப் பக்கத்து ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் குளிர்காலம் என்பது டிகிரி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். வெளியே போய் வேலை செய்ய முடியாமல், கூலி வராமல், வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் காலம்தான் குளிர்காலம் என்றால், நம் பாகூருக்கும் வில்லியனூருக்கும் அது நன்றாகவே இருக்கிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மா சொல்லவில்லை. புதுச்சேரியில் ஒரு வருஷம் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டு வருவதுதான்.

சம்பா நட்டு, களை எடுத்து முடித்துவிட்டால் தை அறுப்பு வரைக்கும் கழனியில் கூலி வேலை ரொம்பக் குறைவு. கடலோரத்தில் பனித்திட்டு, நரம்பை பக்கம் காற்று மழை எச்சரிக்கை வந்தால் படகுகள் கரையேறிவிடும். வில்லியனூர் கணுவாப்பேட்டையில் மண் பொம்மை, மண்பாண்டம் செய்கிறவர்களுக்கு வெயில் இல்லாவிட்டால் எதுவும் காயாது, சூளையும் வைக்க முடியாது. (வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தத் தொழில் செய்யும் வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நம் கொம்யூனுக்கு இது எவ்வளவு பெருமை!)

அப்படியென்றால் மழை மாசத்தில் எல்லோரும் சும்மா இருக்கிறார்களா? இதைத்தான் நான் ஆராய்ந்து பார்த்தேன்.

சங்க காலத்தில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் ஒரு மழைக்காலம் முழுசாக வருகிறது. ஆடு மாடு மேய்க்கிறவர்கள் மந்தையை மேட்டுக்கு ஓட்டிவிட்டு, நெருப்பில் கையைக் காட்டிச் சூடேற்றிக் கன்னத்தில் ஒற்றிக் கொள்கிறார்கள். புறா இரை தேடப் போகாமல் கூரையிலேயே காலை மாற்றி மாற்றி நிற்கிறது. மேகம் மூடிக் கிடப்பதால் எது பகல், எது சாயங்காலம் என்றே தெரியவில்லை. பெண்கள் பறித்து வைத்த பூ மொட்டு விரிவதைப் பார்த்து நேரம் தெரிந்து கொண்டு விளக்கேற்றுகிறார்கள். கரண்ட் போன சாயங்காலத்தில் எங்க தெருவிலும் இப்படித்தான் இருக்கும். பூவுக்குப் பதிலாக செல்போனில் மணி பார்க்கிறோம், அவ்வளவுதான். அதுவும் சார்ஜ் இருக்கிற வரைக்கும்தான்.

எங்க ஆயாவிடம் கேட்டபோது, “மழையில சாப்பிடறது வெயில்ல செஞ்சதுடி” என்றார்கள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சித்திரை வைகாசியில் மாடியில் காய்ந்த மோர்மிளகாய், வடகம், கத்தரி வற்றல், கொத்தவரை வற்றல், உப்பில் ஊறிய மாங்காய், பானையில் கட்டிய கருவாடு எல்லாம் இந்த மாசத்துக்குத்தான். வரட்டி தட்டிக் காய வைத்து, ஓலை போட்டு மூடி அடுக்குவதும், விறகைப் பரண் மேல் ஏற்றுவதும் இதற்குத்தான். அடைமழையில் சூடாகக் கொள்ளு ரசம், சுட்ட கருவாடு என்று நாம் சந்தோஷமாகச் சாப்பிடுவதற்குப் பின்னால் யாரோ நான்கு மாசம் வெயிலில் நின்றிருக்கிறார்கள்.

நிஜமான குளிர்காலம் உள்ள லடாக்கிலும் இதே கதைதான். லடாக்கும் நம்மைப் போல யூனியன் பிரதேசம் (2019 அக்டோபர் 31 முதல்). தலைநகர் லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் வந்தால் மைனஸ் 20 டிகிரி கூடப் போகும். அவர்கள் கோடையிலேயே ஆப்ரிகாட் பழத்தையும் கீரையையும் காய வைத்து விடுகிறார்கள். உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கியைக் குழி வெட்டிப் புதைத்து வைக்கிறார்கள். மாட்டுத் தீவனமும் சாண வரட்டியும் சேர்க்கிறார்கள். அங்கேயும் வரட்டி! கழனி வேலை இல்லாத அந்த மாசங்களில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கம்பளி நூல் நூற்பார்கள், ராஜா கேசரின் கதையைச் சொல்லுவார்கள். லோசார் என்ற புத்தாண்டும் பெரும்பாலும் டிசம்பரில்தான் வரும்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. குளம் உறைந்ததும் பெண்பிள்ளைகள் அதன் மேல் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள். இந்தியப் பெண்கள் அணியில் லடாக் பெண்கள்தான் அதிகம். 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸ் அணியை ஜெயித்ததுதான் அந்த அணியின் முதல் சர்வதேச வெற்றி. 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்கள். குளிரைத் திட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மழை நாளில் ஆம்பளைங்க திண்ணையில் தாயம் ஆடுவார்கள், கிழிந்த வலையைச் சரி செய்வார்கள், மண்வெட்டிக்குக் காம்பு போடுவார்கள். பொம்பளைங்களுக்கு மழை லீவு கிடையாது. ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவக்கும். துணி காயாமல் சமையலறையில் கொடி கட்ட வேண்டும். இதற்கு நடுவில்தான் வயர் கூடை பின்னுவது, ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டுவது எல்லாம். எங்க தெருவில் நான்கைந்து பேர் ஒரே வீட்டில் கூடி உட்கார்ந்து கூடை போடுவார்கள். தனியாகப் போட்டால் ஒரு கூடை ஒரு வாரம் ஆகும், கூடிப் போட்டால் பேச்சும் சிரிப்புமாக மூன்று நாளில் முடிந்துவிடும். ஏன் என்று கேட்டேன். “பேசற வாய்க்குக் கை தெரியாது” என்றார் பெரியம்மா. விடுகதை எல்லாம் நான் கற்றுக் கொண்டது அங்கேதான்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. சேர்த்து வைத்தது இல்லாத வீட்டில் மழைக்காலம் சந்தோஷமாக இருக்காது. எங்க அம்மா கழனி வேலைக்குப் போகிறவர். கார்த்திகையில் கம்மல் அடகுக்குப் போய், தை அறுப்புக் கூலியில் திரும்பி வருவது எங்கள் வீட்டில் வழக்கம். இது எங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்று இதைப் படிக்கிற பலருக்குத் தெரியும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர் பக்கத்து ஊர்களில் புகுந்தது. எங்கள் வரட்டி குவியல் கரைந்து சேறாகிவிட்டது. வடகப் பானையில் தண்ணீர். வெயிலில் நின்ற நான்கு மாசம் ஒரே ராத்திரியில் போனது. அந்த வருஷம் பெரியம்மா வீட்டில் யாரும் கூடை போடவில்லை. எல்லோர் வீட்டிலும் சேறு வாரவே நேரம் சரியாக இருந்தது. மார்கழி பிறந்த பிறகுதான் வாசலில் கோலம் போட்டோம். பரங்கிப் பூ கிடைக்கவில்லை, கொடி அழுகிப் போச்சு. சாண உருண்டையில் பூசணிப் பூ, அதுவும் இல்லாவிட்டால் செம்பருத்தி வைத்தோம். நன்றாகத்தான் இருந்தது.

அதே சமயத்தில் பாகூர் ஏரியிலும் ஊசுட்டேரியிலும் வடக்கு நாட்டு வாத்துகள் வந்து இறங்கியிருந்தன. நாம் குளிருது குளிருது என்கிறோம், அவை கதகதப்பாக இருக்கிறது என்று இங்கே தேடி வருகின்றன!

இந்த மழைக்கு உங்கள் வீட்டில் ஆயா, தாத்தா என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிக் கொடுங்கள். விடுகதை தெரிந்தால் அதையும் எழுதுங்கள், விடை பின்பக்கம் இருக்கட்டும். அடுத்த தாளில் ஒட்டுகிறோம். மழைச்சாரல் படாமல் மேல் வரிசையில் ஒட்டச் சொல்லி டீச்சரிடம் இப்போதே கேட்டிருக்கிறேன்.