எப்போது பிரேக் போடுவது?

ஒன்பதாம் வகுப்பில் ‘இயக்கம்’ பாடம். கைப்பேசியில் விண்கல விளையாட்டு ஆடும் மாணவன் ஒருவன், “நிலா கிட்ட வந்ததும் பிரேக் போடுறேன் சார், ஆனா மோதிடுது” என்றான். அன்றைய பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தரையிறங்கிய கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் மேற்குத் தாம்பரத்தில் பொறியியல் படித்தவர் என்றதும் கடைசி வரிசையும் நிமிர்ந்தது. நிலவில் காற்று இல்லை, பாராசூட் உதவாது. எஞ்சின்களை எதிர்த்திசையில் இயக்கித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். முதல் கட்டத்தில், 690 விநாடிகளில் கிடைமட்ட வேகம் விநாடிக்கு 1680 மீட்டரிலிருந்து 358 மீட்டராகக் குறைகிறது. அதற்குள் கலம் எவ்வளவு தூரம் கடந்திருக்கும்?

பலர் 1680ஐ 690ஆல் பெருக்கி, 1159 கி.மீ. என்றனர். அந்த விடையை உடனே அழித்துவிட வேண்டாம். பிரேக்கே போடாவிட்டால் கடக்கும் தூரம் அது. வேகம் சீராகக் குறைவதாகக் கொண்டால் சராசரி 1019. தூரம் சுமார் 703 கி.மீ. திசைவேக-கால வரைபடத்தில் சரிவகத்தின் பரப்பாகவும் இதைக் காட்டலாம்.

“அப்போ தாம்பரத்துல நிக்க கன்னியாகுமரியிலயே பிரேக் போடணுமா சார்?” என்றாள் ஒரு மாணவி. அந்த ஒப்பீடு என் பாடக்குறிப்பில் இல்லை, இப்போது சேர்த்திருக்கிறேன்.