வால்கைரிக்கு முதலில் மூட்டு, பிறகு வண்ணம்

கேள்வி: பாரிஸில் இருக்கும் என் சித்தப்பா ஊருக்கு வந்தபோது பண்டாய் நிறுவனத்தின் 1/72 அளவு வி.எஃப்.-1 வால்கைரி கிட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். போர் விமானம் ரோபோவாக மாறும் வகை. சாதாரண விமான மாடல்கள் சில செய்திருக்கிறேன். மாறும் கிட் என்றால் மூட்டு சீக்கிரம் உடையும், பெயிண்ட் உரியும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். போன முறை ஸ்ப்ரே அடித்த மாடல்மேல் வெள்ளையாகப் புகை படிந்ததுபோல் ஆகிவிட்டது. எங்கிருந்து தொடங்கலாம்?
- கல்லூரி மாணவர், காரைக்கால்

பதில்: தம்பி, பெட்டியைத் திறந்ததும் பெயிண்ட் டப்பாவைத் தேடாதீர்கள். இந்த கிட்டை ஒரு சின்ன இயந்திரமாக நினைத்துக் கட்ட வேண்டும். எந்த உறுப்பு எதன்மேல் உரசிக்கொண்டு நகர்கிறது என்பது கைக்குப் பழகிய பிறகுதான் வண்ணத்தைப் பற்றிய பேச்சே.

1982 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய மேக்ராஸ் தொடருக்காக ஷோஜி கவாமோரி வடிவமைத்த விமானம் இது. அப்போது அவருக்கு 22 வயது. உருமாற்றத்தை லெகோ கட்டைகளில் கட்டிப் பார்த்துச் சரிசெய்வது அவர் வழக்கம். வால்கைரியின் உடலுக்கு அவர் எடுத்துக்கொண்ட மாதிரி அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட். அந்தத் தேர்வில்தான் முழு சூட்சுமமும் இருக்கிறது. எஃப்-14-இன் இரண்டு இன்ஜின்களும் ஒட்டி இருக்காமல் தள்ளித் தள்ளி இருக்கும், நடுவே நீண்ட பள்ளம். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சேர்க்கப்பட்ட சுகோய்-30 விமானத்தின் அடிப்பக்கப் படம் கிடைத்தால் பாருங்கள், அதிலும் இதே அமைப்புதான். வால்கைரியின் இரண்டு இன்ஜின் கூடுகளும் ரோபோவுக்குக் கால்கள். நடுப் பள்ளத்தில் கைகள் மடிந்து கிடக்கின்றன. தலையோ அடிவயிற்றில் பீரங்கிபோல் ஒளிந்திருக்கிறது. பின்னால் மடங்கும் இறக்கைக்கும் நம் நாட்டில் உதாரணம் இருந்தது: 2019 டிசம்பர் 27 அன்று ஜோத்பூரில் ஓய்வுபெற்ற மிக்-27.

இவ்வளவையும் ஒரே பொம்மைக்குள் அடக்கினால் எங்கேயாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஹசேகாவா நிறுவனம் அதனால்தான் இதே 1/72 அளவில் விமானத்துக்கு ஒரு கிட், ரோபோவுக்கு ஒரு கிட், கால் முளைத்த விமானமான ஜெர்வாக்குக்கு ஒரு கிட் என்று தனித்தனியாகச் செய்தது. அவை உருமாறாது, அழகு கூடுதல். உங்களுடையது மாறும், அழகில் கொஞ்சம் குறையும். எனக்கு மாறும் கிட்தான் பிடிக்கும். ஒருவர் மூளைக்குள் ஓடிய கணக்கை நம் விரலால் தொட்டுப் பார்க்க வேறு வழி இல்லை.

கட்டும்போது முழுக் கவனமும் இடுப்புக்குப் போகட்டும். விமானமாக இருக்கையில் கால்கள் பின்னால் நீண்டிருக்கும், ரோபோவாகும்போது முன்பக்கம் வந்து மூக்குக் கூட்டின் இரு பக்கமும் பொருந்தும். பொம்மையின் எடை முழுவதும் அங்கே சில கீல்களில்தான் நிற்கிறது. அந்த உறுப்புகளை ரன்னரிலிருந்து (உறுப்புகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) ஒரே வெட்டில் எடுக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, பிறகு மிச்சத்தைச் சீவி எடுக்க இரண்டாவது வெட்டு. மிச்சமிருக்கும் பிசிறை 600-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் தேயுங்கள். துருத்திக்கொண்டிருக்கும் சின்னப் பிசிறுகூட கீலைத் திருகும். பெயிண்ட் அடிக்காமல் முழுவதையும் ஒருமுறை கோத்து, விளக்கத்தாளில் உள்ள வரிசைப்படியே மெதுவாக மாற்றிப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே பென்சிலால் குறி வையுங்கள். முரண்டு பிடித்தால் அழுத்தாமல் ஒரு படி பின்னால் போங்கள், பெரும்பாலும் முந்தைய கீல் முழுதாகத் திரும்பியிருக்காது.

குறி வைத்த இடங்களில் பெயிண்டே வேண்டாம், பிளாஸ்டிக்கின் சொந்த நிறமே போதும். வண்ணம் கட்டாயம் வேண்டுமென்றால் அந்தப் பரப்பைப் பெயிண்டின் கனத்துக்கு ஈடாகத் தேய்த்துவிட்டு அடியுங்கள். இல்லாவிட்டால் இரண்டு முறை மாற்றியதும் உரிந்து வரும். உங்கள் நண்பர்கள் சொன்னது அதைத்தான். ரன்னர் ஓரத்தில் பி.எஸ்., ஏ.பி.எஸ். என்று பிளாஸ்டிக்கின் வகை பொறித்திருக்கும். ஏ.பி.எஸ். உறுப்புகளில் எனாமல் தின்னர் படவே கூடாது. இறுக்கிப் பொருத்திய நிலையில் தின்னர் உள்ளே கசிந்தால், சில மணி நேரத்தில் தானாகவே விரிசல் விடும். பேனல் கோடுகளுக்குக் கறுப்பு ஓட்டுவதையும் உறுப்புகளைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். தளர்ந்துபோன பந்து மூட்டுக்கு மருந்து எளிது: பந்தின்மேல் ஃபெவிக்விக்கை மெல்லிய படலமாகத் தடவி, முழுக்கக் காய்ந்த பிறகே மூட்டில் சேருங்கள். ஈரத்தோடு சேர்த்தால் அது ஒட்டிக்கொண்டுவிடும்.

இனி அந்த வெண்புகை. அது உங்கள் கைக்குற்றம் இல்லை, கடற்கரைக் காற்றின் வேலை. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றில் இருக்கும் ஈரம் அங்கே படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஒன்றை வாங்கி வையுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்று ஸ்ப்ரே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களை அடியோடு விட்டுவிடுங்கள். அப்போது வெட்டலாம், தேய்க்கலாம், மூட்டுகளைக் கோக்கலாம். காரைக்காலுக்கு ஏற்ற காலம் ஆனி, ஆடியில் வறண்ட மேல்காற்று அடிக்கும் பகல். அதிலும் கடற்காற்று ஏறுவதற்கு முந்தைய மணிகள். மேல்காற்று புழுதியையும் கொண்டுவரும். ஆகவே பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து, அதற்குள் வைத்து அடியுங்கள். காற்றோட்டமான இடமும் மூக்குக்கு நல்ல மாஸ்க்கும் கட்டாயம். இதெல்லாம் தொல்லையாகத் தெரிந்தால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைத் தூரிகையால் பூசுங்கள். மெல்லிதாக இரண்டு மூன்று பூச்சு, நடுவில் காய விட்டு. நம் ஊர் ஈரத்தில் அது மெதுவாகக் காய்வது தூரிகைக்கு நல்லதுதான், கோடு விழாது.

ஸ்டிக்கர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. கீலைக் கடந்து போகும் ஸ்டிக்கரை ஒட்டுவதற்கு முன்பே கோட்டில் வெட்டிவிடுங்கள், ஒட்டியபின் வெட்டினால் முனை எழும்பும்.

முடித்தபின் எந்த நிலையில் வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஸ்டாண்டின்மேல் விமானமாக வையுங்கள், சுமார் 20 செ.மீ. நீளம் இருக்கும். ரோபோவாக மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் இடுப்பும் கணுக்காலும் தளர்ந்துபோகும். யாராவது கேட்கும்போது மாற்றிக் காட்டிவிட்டு மறுபடி விமானமாக்கிவிடுங்கள். ஜன்னல் வெயில் படாத அலமாரி, மூடிய கண்ணாடிப் பெட்டி, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.