சிறுமிகளின் மறைவிட அரிப்பு: தாய்மார் அறிய வேண்டியவை



புதூர்நாடு, நெல்லிவாசல், புங்கம்பட்டு போன்ற ஜவ்வாது மலை ஊர்களிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கி வரும் தாய்மார், காய்ச்சல் என்று சீட்டு வாங்குவார்கள். மற்றவர்கள் நகர்ந்த பிறகே தாழ்ந்த குரலில், "பாப்பாவுக்குக் கீழே எரியுதாம்மா" என்பார்கள். உங்கள் வீடுகளிலும் உள்ள தொல்லைதான் இது. வெட்கம் பேச விடுவதில்லை. 1890-களில் திண்டிவனத்தில் ஆண் வைத்தியரை அனுமதியாததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மரித்ததே ஐடா ஸ்கடர் அம்மையாரை மருத்துவம் படிக்கத் தூண்டியது. ஆகவே வெட்கத்தை விட்டுப் பேசுவோம்.

காரணம் என்ன?

பூப்படையாத சிறுமிகளின் பிறப்புறுப்புத் தோல் மிக மெல்லியது. ஆசனவாயும் அருகில் உள்ளது. சோப்பு, ஈர உடை, இறுக்கமான நைலான் ஜட்டி, சரியாகக் கழுவாமை ஆகியவை அதைப் புண்படுத்தும். இரவில் அரிப்பு அதிகமானால் கீரிப்பூச்சி இருக்கலாம். இது தாயின் குற்றமும் அல்ல, பிள்ளையின் குற்றமும் அல்ல.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. வெதுவெதுப்பான வெறும் நீரில் 10 நிமிடம் உட்கார வையுங்கள். சோப்பு, டெட்டால், மஞ்சள் வேண்டாம். பிறகு ஒற்றித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம்.
2. மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவப் பழக்குங்கள்.
3. சிறுநீர் கழிக்கும்போது முழங்கால்களை நன்றாக அகற்றி உட்காரச் சொல்லுங்கள்.
4. தளர்வான பருத்தி உள்ளாடை போதும். இரவில் அதுவும் வேண்டாம்.
5. எரிச்சலுக்கு வாசலின் மெல்லியதாகத் தடவலாம். கடையில் கேட்டு வாங்கும் படைக் களிம்பைப் போடாதீர்கள்.
6. நகங்களை வெட்டுங்கள். கீரிப்பூச்சி என்றால் வைத்தியர் சொற்படி குடும்பம் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டும்.

எப்போது வர வேண்டும்?

இரத்தம், துர்நாற்றமுள்ள அல்லது பச்சை நிறக் கசிவு, புண், காய்ச்சல், அடிக்கடி எரிச்சலுடன் சிறுநீர் ஆகியவை இருந்தால் தாமதிக்க வேண்டாம். மற்றபடி இரண்டு வாரத்தில் குணமாகாவிட்டால் வாருங்கள். மணி, காகிதம் போன்றவை உள்ளே சிக்கியிருக்கலாம். சிறுநீரில் கிருமியோ சர்க்கரையோ இருக்கலாம். பெரும்பாலும் தாயின் மடியில் வைத்து வெளிப்புறம் பார்த்தாலே போதும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். அரிப்பு என்றாலே யாரோ தீங்கு செய்தார்கள் என்று அர்த்தமல்ல. ஆனால் பிள்ளை ஒருவரைக் கண்டு பயந்தாலோ, "என்னைத் தொட்டார்" என்றாலோ, அதட்டாதீர்கள், நம்புங்கள். உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். 1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் உண்டு.

அன்பானவர்களே, இதை உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருமுறை வாசியுங்கள். வாய் திறந்து கேட்கத் துணியாத ஒரு தாயாவது அங்கே அமர்ந்திருப்பார்.