சேறு நீக்கிய கைகள்

பொன்முடி மலைச்சரிவிலிருந்து இறங்கி, விதுரைக்கு அருகே உருண்டைக் கற்களின் இடையே ஓடிவருகிறது கல்லாறு. மழையற்ற நாள்களில் அமைதியாகச் செல்லும் அவ்வாறு, மலையில் பெருமழை பெய்தால் சிறிது நேரத்தில் பொங்கிப் பாயும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரளத்தின் ஆறுகள் பலவும் ஒரே வேளையில் இவ்வாறு பொங்கின. பெரியாறும் பம்பையும் சாலக்குடி ஆறும் கரைகடந்தன. 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முகாம்களில் தங்கினர்.

திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, நீர் சூழ்ந்த வீடுகளில் தவித்தவர்களை மீட்டனர். அச்செயலை நாடே போற்றியது. மீட்புப் பணி சில நாள்களில் முடிந்தது. வீடுகளை மீண்டும் வாழத்தக்கவையாக்கும் பணியோ அதன் பின்னரே தொடங்கியது.

வெள்ளம் வடிந்த வீட்டினுள் உடனே நுழைந்துவிட இயலாது. சுவரில் விரிசல் உண்டா என முதலில் பார்த்தல் வேண்டும். மின்இணைப்பைத் துண்டித்தல் வேண்டும். பாம்புகள் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் கோலால் தட்டிப் பார்த்தே பொருள்களை எடுத்தல் வேண்டும். சேறு காய்ந்தால் இறுகிவிடும். ஆதலால் ஈரம் உலருமுன் மண்வெட்டியால் அள்ளி அகற்றுவர். கலங்கிய கிணற்றை இறைத்துப் பிளீச்சிங் பவுடர் இடுவர். எலிக்காய்ச்சல் பரவும் ஆபத்து இருந்தமையால், பணியாளர்கள் காலுறைக் காலணி அணிந்தும் தடுப்பு மாத்திரை உட்கொண்டும் பணி செய்தல் வேண்டியிருந்தது.

இப்பணிக்குக் கோயில்களிலிருந்தும் பள்ளிவாசல்களிலிருந்தும் தேவாலயங்களிலிருந்தும் தொண்டர்கள் வந்தனர். வாரந்தோறும் ஒன்றுகூடிப் பழகியவர்கள் ஆதலால், அவர்களால் விரைவில் குழுவாகத் திரள முடிந்தது. வயநாடு மாவட்டம் வெண்ணியோட்டில் சேறு படிந்த விஷ்ணு கோயிலை இஸ்லாமிய இளைஞர்கள் கழுவித் தூய்மை செய்தனர். திருச்சூர் மாவட்டம் மாளாவுக்கு அருகிலுள்ள கொச்சுக்கடவில் பள்ளிவாசல் வெள்ளத்தில் மூழ்கியது. அவ்வாண்டு பக்ரீத் தொழுகைக்காக அங்குள்ள கோயில் மண்டபம் திறந்துவிடப்பட்டது.

பிற நாடுகளிலும் இத்தகைய தொண்டு உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மென்னொனைட் கிறித்தவ இளைஞர்கள் 1950இல் ஒரு குழுவைத் தொடங்கினர். புயலாலும் வெள்ளத்தாலும் சிதைந்த வீடுகளைச் செப்பனிடும் பணியை அவ்வமைப்பு இன்றும் செய்துவருகிறது.

சமயப் பற்று ஒருவரைத் தொண்டுக்கு அழைத்து வரலாம். உதவி பெறுபவரிடம் அதற்கு விலை கேட்டல் ஆகாது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்ற நடத்தை நெறியும் இதனையே வலியுறுத்துகிறது. இன்ன சமயத்தார் என்று பாராமல், தேவையை மட்டும் நோக்கி உதவுதல் வேண்டும் என்பது அந்நெறி.

நல்ல தொண்டர் மற்றொன்றையும் மறவார். சேற்றில் கிடப்பவை யாவும் குப்பை அல்ல. நனைந்த நிழற்படமும் மதிப்பெண் சான்றிதழும் அவ்வீட்டாருக்கு விலைமதிப்பற்றவை. ஆகவே, எதனை எறிவதாயினும் வீட்டாரைக் கேட்ட பின்னரே எறிவர்.

பிழைப்பை நாடி வேற்றூரில் வாழும் குடும்பத்திற்கு இத்தொண்டு மேலும் இன்றியமையாதது. உற்றார் தொலைவில் இருப்பர். வீடும் பெரும்பாலும் வாடகை வீடாக இருக்கும். அந்நிலையில், மண்வெட்டியுடன் வாசலில் வந்து நின்று, “எந்த அறையிலிருந்து தொடங்கலாம்?” என்று கேட்பவரே உறவினர் ஆகிறார்.

சொற்பொருள்
செப்பனிடுதல் – பழுது நீக்கிச் சீராக்குதல்
உற்றார் – உறவினர்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
இறைத்தல் – நீரை வெளியேற்றுதல்

பயிற்சி
1. சேற்றை ஈரம் உலருமுன் அகற்றுவது ஏன்?
2. கொச்சுக்கடவில் கோயில் மண்டபம் எதற்காகத் திறக்கப்பட்டது?
3. பொருள்களை எறியுமுன் வீட்டாரைக் கேட்க வேண்டும் என்பதன் காரணத்தை உம் சொற்களில் எழுதுக.
4. பிரித்து எழுதுக: அச்செயலை, அவ்வீட்டார், வேற்றூர்.
5. உம் பெற்றோர் பிறந்த ஊரில் மழை, வெள்ளம் அல்லது புயலின்போது அண்டை வீட்டார் செய்த உதவியை அவர்களிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.