ஸ்பிட்ஸ்கோப்பே ஏறப் போகிறீர்களா?

நமீப் பாலைவனத்தை ஒட்டி, சுற்றிலும் வெட்டவெளியாக இருக்க, தனியே எழுந்து நிற்கிறது நமீபியாவின் ஸ்பிட்ஸ்கோப்பே. உயரம் 1,728 மீட்டர், முழுக்கக் கிரானைட். மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். ஏற அதுதான் தோது. கோடையில் பாறையில் கை வைக்க முடியாது.

முதல் கவலை தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டராவது வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரே பெரிய கேன் வேண்டாம், ஒழுகினால் எல்லாம் போச்சு. பெட்ரோலை உசாகோஸ் ஊரிலேயே நிரப்பிவிடுங்கள்.

விடியுமுன் கிளம்பிவிட வேண்டும். உச்சிக்குப் போகும் வழக்கமான வழியில், குறுகிய பாறைப் பிளவுகளுக்குள் முதுகையும் காலையும் ஊன்றி நெளிந்து ஏறவேண்டியிருக்கும். பை சிறியதாக இருக்கட்டும். கிரானைட்டின் சொரசொரப்பு தோலை உரித்துவிடும். பிளவுக்குள் கை நுழைக்குமுன் புறங்கையில் டேப் சுற்றுங்கள். திரும்பும்போது சில இடங்களில் கயிற்றில்தான் இறங்கவேண்டும். அது நேரம் பிடிக்கும் வேலை, தலைவிளக்கு இல்லாமல் போகவே கூடாது. இறங்கும் கயிற்றை மாட்ட முன்பு ஏறியவர்கள் பாறையில் கட்டி விட்டுப்போன நாடாக்களை நம்பி உடல் எடையைப் போடாதீர்கள்: வெயில் நைலானை இற்றுப்போகச் செய்துவிடும். கட்டிவிட்டு வரப் புது நாடாவும், பழையதை அறுத்தெடுக்க ஒரு கத்தியும் கையோடு இருக்கட்டும்.