மனசில் கிடப்பதைக் காகிதத்தில் இறக்குங்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் வாசனை வந்ததும், சின்ன வயசில் பார்த்த ஆடிப்பூரத் தேரோட்டம் சட்டென்று ஞாபகம் வருகிறதா? மூளையில் உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் உரிய பகுதிகளை வாசனை வெகு சீக்கிரம் எட்டிவிடும். அதனால்தான் அத்தனை வேகம்!

இனிக்கிற ஞாபகம் என்றால் சந்தோஷம்தான். கசக்கிற ஞாபகம்? பெல்ட் அடி, அம்மா இல்லாத வீடு, ராத்திரியில் கேட்ட சண்டை... இதெல்லாம் 'பழைய சமாசாரம்' என்று தள்ளிவிட முடியாது. கலிஃபோர்னியாவில் 9,000 பேருக்கு மேல் விசாரித்து 1998-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறு வயதில் பலவகைக் கஷ்டம் பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய், மனச்சோர்வு, குடிப்பழக்கம் கூடுதலாக இருந்தன. கஷ்டப்பட்ட எல்லோருக்கும் நோய் வரும் என்று அர்த்தமில்லை. வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் என்னிடம் நெஞ்செரிச்சல், தூக்கமின்மை என்று வருபவர்களுக்கு நாடி பார்த்து, சாப்பாட்டை விசாரித்த பிறகு, 'சின்ன வயசு எப்படிப் போச்சு?' என்றும் கேட்பேன். 'இதை யார்கிட்டயும் சொன்னதில்லைங்க' என்று சிலர் கண் கலங்குவார்கள். மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சுமையை எங்கே இறக்குவது?

எழுதிப் பார்க்கலாம். அமெரிக்க உளவியலாளர் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தினம் 15 நிமிஷம் வீதம் நாலு நாள் எழுதினார்கள். மனசைப் பாதித்த சம்பவத்தை, பட்ட உணர்ச்சியோடு சேர்த்து எழுதியவர்கள் முதலில் சோர்ந்துதான் போனார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் வைத்தியரைத் தேடிப் போனது அவர்களிடம் குறைவு. பிற்பாடு நடந்த ஆய்வுகளில் பலன் ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருந்தது.

வலியை மட்டும்தான் எழுத வேண்டுமா? இல்லை. கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் (1923–2021) இளமையில் காசநோயோடு போராடியவர். பள்ளிப் படிப்பும் அதிகமில்லை. காதில் விழுந்த கதையையும் கரிசல் பேச்சையுமே எழுத்தாக்கினார். 1976-ல் வந்த 'கோபல்ல கிராமம்' நாவலில், ஆந்திரத்திலிருந்து வந்த குடும்பங்களின் கதையை ஒரு கிழவிதான் ஞாபகத்திலிருந்து சொல்கிறாள். உங்க ஆச்சி சொன்னதையும் எழுதி வையுங்கள்!

எப்படி எழுதுவது?

* ஒரு நோட்டு, 15 நிமிஷம். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். யாரிடமும் காட்ட வேண்டாம்.

* நடந்தது, அன்று நினைத்தது, இன்று நினைப்பது என்று மூன்றையும் எழுதுங்கள்.

* ஞாபகம் போட்டோ அல்ல. நினைக்க நினைக்கக் கொஞ்சம் மாறும். எழுதியதை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பியிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

* படபடப்பு கூடினாலோ, தூக்கம் கெட்டாலோ நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். அரசின் 'டெலி மானஸ்' இலவச எண்: 14416.

கடைசியாக ஒன்று. இன்று ராத்திரி வீட்டில் குரலை உயர்த்துமுன், பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை தூங்கிவிட்டதா என்று ஒரு தடவை பாருங்கள். அதற்கும் ஞாபகம் இருக்கும்.